ஆற்றுக்கு ஒரு தலைவர்

ஸ்கூடாயில் படிக்க வந்த இந்த இரண்டு ஆண்டுகளில் 'காங்கார் பூலாய்' என்ற பெயர்ப்பலகையை நூறு முறையாவது கடந்திருப்பேன். மலாய்ப் பெயர் என்றே நினைத்திருந்தேன். "காங்கார் எங்கள் தியோச்சியூ சொல்" என்று அறைத்தோழி சொன்ன பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

காங்கார் என்றால் ஆற்றடிக் குடியிருப்பு. அதன் தலைவர் 'காங்சு', ஆற்றின் அதிபதி. சிங்கப்பூரில் மண் சத்திழந்ததும் கம்பீரும் மிளகும் பயிரிட்ட சீனர்கள் நீரிணையைக் கடந்து ஜோகூர் காடுகளுக்கு வந்தார்கள். தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் அவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்னும் ஆற்றுப் பத்திரம் கொடுத்தார். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1844ஆம் ஆண்டுக்குரியது.

ஆறும் அதன் கரைக்காடும் அங்கே வேலைக்கு வரும் ஆட்களும் பத்திரம் வைத்திருப்பவரின் பொறுப்பு. ஒழுங்கைக் காப்பவர் அவர். அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை உரிமைகளும் அவருக்கே. ஒரு கையால் கூலியைக் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு! 1873இல், அபு பாக்கார் ஆட்சியில், காங்சுகளுக்கென்றே தனிச் சட்டத் தொகுப்பு வந்தது.

தோல் பதனிட உதவும் கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்குக் காடு அழிந்தது. காய்ச்சிய சக்கை மிளகுக்கு எருவானது. மண் களைத்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1909இல் ஜோகூரின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றுவழியின் மதிப்பு குறைந்தது. 1917இல் காங்சு உரிமையைச் சட்டம் போட்டே ஒழித்தார்கள்.

அந்த ரப்பர்த் தோட்டங்களுக்குத்தான் நம் முன்னோர் வந்தார்கள். என் பாட்டியின் அப்பா குளுவாங் பக்கத்தில் கங்காணி. வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தால் கங்காணிக்குத் தரகு உண்டு. அந்த ஆள் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தலைக்காசு உண்டு. இதைப் படித்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. காங்சு கதைதானே இதுவும்?

பாகிஸ்தான் எல்லையோரப் பஷ்தூன் கிராமங்களில் 'மாலிக்' என்ற தலைவர் உண்டு. 'ஜிர்கா' எனும் சபையில் பெரியவர்கள் வட்டமாக அமர்ந்து வழக்குகளைப் பேசித் தீர்ப்பார்கள். ஆங்கிலேயர் அந்த மாலிக்குகளுக்கும் பணம் கொடுத்துப் பழக்கினார்கள். வாங்கிய பிறகு அவர் கிராமத்தின் ஆளா, துரையின் ஆளா?

சென்ற விடுமுறையில் பாட்டியிடம் இதையே கேட்டேன். "தாத்தா யாரு பக்கம், பாட்டி?"

வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "ரெண்டு பக்கமும்தான் கண்ணு. லயத்துல சாவு விழுந்தா துரைகிட்ட போயி நின்னு காசு வாங்கிட்டு வர்றதும் அவருதான். ஆளு ஓடிப்போனா தேடிப் புடிச்சுக் கொண்டாறதும் அவருதான்."

1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணிக்குக் கொண்டுவர ஆள் இல்லை. பாட்டி பிறந்தது அதற்கும் பிறகு. ஆனாலும் கடைசிவரை எல்லாரும் அவரைக் 'கங்காணி ஐயா' என்றே அழைத்தார்களாம். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிய கடன் நோட்டு ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது.

"அது இப்ப எங்க பாட்டி?"

"அவரு போன மறுவாரமே எங்கம்மா அதை அடுப்புல போட்டுட்டாங்க. யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல."