கையில் உல்லன்... வாயில் வசனம்!

“காரைக்கால் வெயிலுக்கு ஸ்வெட்டரா?” ஹாஸ்டலில் கேட்காத ஆளில்லை. ஸ்வெட்டர் இல்லீங்க, தாடி! கல்லூரி நாடகத்தில் எனக்குக் கிழவர் வேஷம். என் சீன் வர்ற வரைக்கும் குரோஷா ஊசி ஓடும், வாய் வசனம் முணுமுணுக்கும்.

ஆனி மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் அம்மையார் கதையே தெருவுல காட்சி காட்சியா நடக்குற ஊர் இது. பிச்சாண்டவர் வீதியுலாவில் மாம்பழம் மழையா விழும்! நடிக்க ஆசை வராதா?

உல்லனும் லேசுப்பட்டதில்லை. 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ பெண்கள், ஆளுக்குக் கொஞ்சம் பின்னி இணைச்ச போர்வை 11,148 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை!

குரோஷாவில் தப்பு வந்தா நூலை இழுத்துப் பிரிச்சிடலாம். மேடையில்? போன ஒத்திகையில் வசனம் மறந்து திருதிருன்னு முழிச்சேன். பக்கத்திலிருந்த தோழிதான் எடுத்துக் கொடுத்தா. தாடி முடிஞ்சாச்சு. அடுத்து, அவளுக்கு ஒரு பை!