எவர்சில்வர் பட்டறைகளும் பிளாஸ்மா வெட்டும்

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் தொழில் வாழ்க்கையில் துருப்பிடிக்காத எஃகு இன்று முக்கிய இடம் பெற்றுள்ளது. திருமலையில் நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்களுக்கு உணவு சமைக்கும் கூடங்களில் பெரிய பெரிய எவர்சில்வர் கலங்கள் பயன்படுகின்றன. சித்தூர்ப் பகுதியில் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகளில் தொட்டி, குழாய், பிழியும் இயந்திரம் ஆகிய அனைத்தும் இவ்வுலோகத்தால் ஆனவை. திருப்பதியில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றும் உள்ளது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு முதல் தயாரித்து வந்த பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அவற்றிற்குப் பதிலாக வந்துள்ள எல்.எச்.பி. வகைப் பெட்டிகளின் உடற்பகுதி பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகாலேயே அமைந்துள்ளது.

இவ்வுலோகத்தை வெட்டுவதற்குப் பழைய கேஸ் கட்டிங் முறை உதவாது. ஆகவே சிறு பட்டறைகளும் பிளாஸ்மா வெட்டு இயந்திரத்தை நாட வேண்டியுள்ளது. கடன் பெற்று இயந்திரத்தை வாங்கியோர், சில மாதங்களிலேயே "வெட்டு சுத்தமாக இல்லை, நாசில் அடிக்கடி தீய்ந்து போகிறது" என்று குறை கூறுவதுண்டு. இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரமன்று. தேய்ந்து தீரும் சிறு பாகங்களையும், மின்னோட்டம், காற்று, வேகம் ஆகியவற்றின் அளவுகளையும் வேலைக்கேற்பத் தேர்ந்து கொள்ளாமையே ஆகும்.

கேஸ் கட்டிங் ஏன் பயன்படாது?

ஆக்சிஜன்-அசெட்டிலீன் சுடர் இரும்பை வெறுமனே உருக்கி வெட்டுவதில்லை. சூடேறிய இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. எரிவதால் உண்டாகும் இரும்பு ஆக்சைடு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகி ஓடிவிடுவதால் வெட்டு தொடர்கிறது. துருப்பிடிக்காத எஃகிலோ குரோமியம் கலந்துள்ளது. குரோமியம் ஆக்சைடு ஏறக்குறைய 2,400 டிகிரி செல்சியஸில்தான் உருகும். எஃகு உருகுவதோ 1,500 டிகிரிக்கு அருகில். எனவே உருகாத ஆக்சைடுப் படலம் மேற்பரப்பை மூடிக்கொண்டு வெட்டைத் தடுத்துவிடுகிறது. அலுமினியத்திற்கும் இதே இடர்ப்பாடு உண்டு.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க வந்ததே பிளாஸ்மா முறை. அமெரிக்காவில் ராபர்ட் கேஜ் என்பவர் 1957ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். மின்வில்லை ஒரு சிறு துளையின் வழியே நெருக்கிச் செலுத்தினால், அதனூடே பாயும் வாயு அயனியாகி, 20,000 டிகிரி அளவிற்கு வெப்பமடைகிறது. அவ்வெப்பம் எந்த ஆக்சைடையும் உருக்க வல்லது. வாயுவின் வேகம் உருகிய உலோகத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. 1960களில் சாதாரண அழுத்தக் காற்றையே பயன்படுத்தும் முறை வந்தது. சிறு பட்டறைகளுக்கு இம்முறை எட்டியதற்கு அதுவே காரணம்.

தேய்ந்து தீரும் பாகங்கள்

டார்ச்சின் முனையைக் கழற்றினால் ஐந்து பாகங்களைக் காணலாம். அவை எலக்ட்ரோடு, நாசில், காற்றைச் சுழலச் செய்யும் வளையம், இவற்றைப் பிடித்து நிறுத்தும் மூடி, வெளிப்புறக் காப்பு மூடி என்பன.

எலக்ட்ரோடு செம்பால் ஆனது. அதன் நுனியில் ஹாஃப்னியம் என்னும் உலோகத்துண்டு பதிக்கப்பட்டிருக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தாங்கி எலக்ட்ரான்களை வெளியிடும் ஆற்றல் இதற்கு உண்டு. ஆர்கான் போன்ற ஆக்சிஜனற்ற வாயுக்களுக்கு டங்ஸ்டன் நுனி பயன்படும். காற்றில் அது விரைவில் எரிந்துவிடும். ஹாஃப்னியம், சிர்க்கோனியத்தோடு சேர்ந்தே இயற்கையில் கிடைப்பது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்கப்படும் சிர்க்கான் கனிமத்திலும் இது சிறிதளவு கலந்துள்ளது. அரிய உலோகமாதலால் இதனை வீணாக்காமல் பயன்படுத்துவது நலம்.

ஒவ்வொரு முறை வில் மூட்டும்போதும் ஹாஃப்னியம் சிறிது கரைந்து குழி விழுகிறது. கை இயந்திரங்களில் குழியின் ஆழம் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டரை எட்டியதும் எலக்ட்ரோடை மாற்றிவிட வேண்டும். மேலும் சில மீட்டர் வெட்டலாம் என்று காலம் தாழ்த்தினால், வில் செம்பைத் தாக்கி நாசிலையும், சில வேளைகளில் டார்ச்சையுமே கெடுத்துவிடும்.

நாசிலின் துளை சரியான வட்டமாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் அரிக்கப்பட்டு முட்டை வடிவமானால் வெட்டு சாய்ந்து விழும். பொதுவாக எலக்ட்ரோடையும் நாசிலையும் ஒருசேர மாற்றுவது நல்லது.

நாசிலும் ஆம்பியரும்

ஒவ்வொரு நாசிலும் குறிப்பிட்ட ஆம்பியர் அளவிற்கென்றே துளையிடப்பட்டது. 40 ஆம்பியர் நாசிலில் 60 ஆம்பியரைச் செலுத்தினால், வில் துளையின் சுவரைத் தாக்கி அதனை அரித்துவிடும். மாறாக, 60 ஆம்பியர் நாசிலில் 40 ஆம்பியர் மட்டும் செலுத்தினால் வில் போதிய அளவு நெருக்கப்படாமல், வெட்டுத்தடம் அகன்று, அடியில் கசடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே முதலில் தகட்டின் கனத்தை அளந்து, அதற்கேற்ற ஆம்பியரைத் தேர்ந்து, பின்னர் அந்த ஆம்பியருக்குரிய நாசிலைப் பொருத்துவதே முறை. தோராயமாக 3 மில்லிமீட்டர் தகட்டிற்கு 30 முதல் 40 ஆம்பியரும், 6 மில்லிமீட்டருக்கு 45 ஆம்பியரும், 12 மில்லிமீட்டருக்கு 65 முதல் 85 ஆம்பியரும் பொருந்தும். துல்லியமான அளவை இயந்திரத்துடன் வரும் அட்டவணையிலிருந்தே எடுத்துக் கொள்ள வேண்டும். தகட்டின் நடுவே துளையிட்டுத் தொடங்கும் வேலையானால், ஓரத்திலிருந்து வெட்டக்கூடிய கனத்தில் ஏறக்குறைய பாதியையே இயந்திரத்திடம் எதிர்பார்க்கலாம்.

காற்றும் ஈரமும்

பாகங்களின் ஆயுளை மிகுதியும் தீர்மானிப்பது காற்றே. 45 ஆம்பியர் கை இயந்திரம் ஒன்று நிமிடத்திற்கு ஏறக்குறைய 190 லிட்டர் காற்றை 5 முதல் 6 பார் அழுத்தத்தில் வேண்டும். இவ்வழுத்தத்தைக் காற்று ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும். நின்ற நிலையில் காணும் அளவு ஏமாற்றிவிடும்.

வடகிழக்குப் பருவமழையின்போது இவ்வட்டாரக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்றில், கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீர் உள்ளது. மேற்கூறிய இயந்திரம் ஒரு மணி நேரம் இடைவிடாது இயங்கினால், கம்ப்ரசர் உள்ளிழுக்கும் நீர் கால் லிட்டருக்கும் சற்று மிகுதியாகும். இந்நீரை வடித்து நீக்காவிடில், அது டார்ச்சை அடைந்து எலக்ட்ரோடின் நுனியைச் சிதைக்கும். கம்ப்ரசர் தொட்டியின் வடிகுழாயை நாள்தோறும் திறந்து விடுவதும், டார்ச்சுக்கு முன்னால் நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டியையும் காற்று உலர்த்தியையும் அமைப்பதும் இன்றியமையாதவை.

திருமலையில் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவிகிதம் குறைவு. அந்த அளவிற்குக் கம்ப்ரசர் தரும் காற்றின் நிறையும் குறையும். எனவே தேவையைப்போல் ஒன்றரை மடங்கு காற்று தரவல்ல கம்ப்ரசரைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது.

கசடு கூறும் செய்தி

வெட்டும் வேகம் சரியானதா என்பதை அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தகட்டின் அடியில் வெளிப்படும் பொறிகள் செங்குத்துக் கோட்டிலிருந்து 15 முதல் 30 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்து விழுந்தால் வேகம் பொருத்தமானது. பொறிகள் நேர் கீழே விழுந்து, அடியில் தடித்த கசடு திரண்டு, தட்டினால் எளிதில் உதிருமானால் வேகம் குறைவு. மெல்லிய கசடு தகட்டோடு உறுதியாக ஒட்டிக்கொண்டு, தேய்த்தாலன்றி நீங்காதெனில் வேகம் மிகுதி. பொறிகள் மேலே தெறித்தால், வில் தகட்டை ஊடுருவவில்லை என்று பொருள்.

டார்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையே 1.5 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தகட்டைத் தொட்டு இழுக்கும் வகைக் காப்பு மூடி இருப்பின் இவ்விடைவெளி தானே அமையும். நடுவில் துளையிடும்போது டார்ச்சைச் சாய்த்துத் தொடங்கி மெல்ல நிமிர்த்தினால், உருகிய உலோகம் நாசிலில் தெறிப்பதைத் தவிர்க்கலாம். தகடின்றி வெறுமனே வில் மூட்டிப் பார்க்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். வெட்டி முடித்ததும் சில நொடிகள் வீசும் காற்று பாகங்களைக் குளிர்விப்பதற்காகவே; அது நிற்குமுன் இயந்திரத்தை அணைத்தலாகாது.

உணவுக் கலங்களில் கவனம்

காற்றால் வெட்டிய துருப்பிடிக்காத எஃகின் ஓரம் கறுத்து, ஆக்சைடு படிந்திருக்கும். கூழ்த் தொட்டிக்கோ சமையல் கலத்துக்கோ உரிய தகடானால், இவ்வோரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பின்னரே வெல்டிங் செய்ய வேண்டும். இல்லையேல் அவ்விடத்தில் அரிப்பு தோன்றக்கூடும். நைட்ரஜனைப் பயன்படுத்தினால் ஓரம் மேலும் தூய்மையாக அமையும். தேய்ப்பதற்கு ஆகும் கூலியையும் நைட்ரஜன் விலையையும் ஒப்பிட்டு, வேலையின் அளவுக்கேற்ப முடிவு செய்யலாம்.

செலவுக் கணக்கு ஒன்றையும் பார்ப்போம். எலக்ட்ரோடும் நாசிலும் சேர்ந்து 300 ரூபாய் எனக் கொள்வோம். அவை 100 மீட்டர் வெட்டினால் மீட்டருக்கு 3 ரூபாய் ஆகிறது. ஈரக் காற்றாலோ பொருந்தாத ஆம்பியராலோ 30 மீட்டரிலேயே தீர்ந்தால், அதுவே 10 ரூபாயாகிவிடுகிறது. மாங்கூழ்ப் பருவம் தொடங்குமுன் குறித்த நாளில் தொட்டியைப் பழுதுபார்த்துத் தர வேண்டிய சிறு பட்டறைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மாற்றுப் பாகம் கையிருப்பில் இல்லாமல் வேலை நின்றால் இழப்பு இன்னும் பெரிது.

தொழிலாளர் நலம்

எல்லாவற்றினும் மேலானது வெட்டுபவரின் உடல்நலம். துருப்பிடிக்காத எஃகை வெட்டும்போது எழும் புகையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கலந்திருக்கும். இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. கதவை மூடிய அறையில் வெட்டுவதும், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வதோடு நிறைவடைவதும் போதா. புகையை இழுத்து வெளியேற்றும் விசிறியும், நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். 40 முதல் 60 ஆம்பியர் வரை 6ஆம் எண்ணுக்கும், அதற்கு மேல் 8ஆம் எண்ணுக்கும் குறையாத கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். இவ்வியந்திரத்தில் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின் அழுத்தம் இருப்பதால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பாகங்களை மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டுவன

2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் போன்றவற்றின் வழியே பட்டறை அமைப்போரின் திட்ட அறிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலர்கள், இயந்திரத்தின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. கம்ப்ரசரின் கொள்ளளவு, காற்று உலர்த்தி, ஆறு மாதத்திற்குரிய எலக்ட்ரோடுகளும் நாசில்களும், புகை நீக்கி ஆகியவையும் அறிக்கையில் இடம் பெற்றுள்ளனவா என்று கேட்க வேண்டும். இவற்றை நீக்கிச் செலவைக் குறைத்துக் காட்டும் அறிக்கை, பின்னாளில் கடனைத் திருப்ப இயலாத நிலையையே உருவாக்கும்.

தொழிற்பயிற்சி மாணவர்கள், தேய்ந்த எலக்ட்ரோடையும் கசடு ஒட்டிய தகட்டையும் எறிந்துவிடாமல், அவற்றிலிருந்து பிழையைக் கண்டறியப் பழகுதல் வேண்டும். வெல்டிங், வெட்டுதல் துறைகளில் ஆய்வுக்கும் பயிற்சிக்குமென்று 1975ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் அறிவு சிறு பட்டறையின் மேசை வரை சென்று சேர வேண்டும். சரியான நாசில், உலர்ந்த காற்று, அளவான வேகம், தூய மூச்சு ஆகிய நான்கும் அமைந்த பட்டறையில்தான், கடன் பெற்று வாங்கிய இயந்திரம் குடும்பத்திற்கு வருவாய் ஈட்டித் தரும் கருவியாக நிலைக்கும்.