ஒரே எரிமலை, மூன்று மண்

'மேட்டுத் தோட்டத்துக்கும் பள்ளத்து வயலுக்கும் ஒரே உரம் போடலாமா?' என்று வாசகர்கள் கேட்கிறீர்கள். ஆப்பிரிக்காவின் பழைய எரிமலையான மவுன்ட் கென்யா (5,199 மீட்டர்) இதற்குப் பதில் சொல்கிறது.

அதன் தென்சரிவில் மேலே தேயிலை, நடுவில் காபி, அடிவாரத்து முவேயாவில் நெல். எல்லாம் எரிமலைப் பாறையில் பிறந்த மண்தான்.

மேலே மழை அதிகம். சுண்ணாம்பு, மக்னீசியச் சத்துகள் கரைந்து போவதால் மண் அமிலமாகிறது. குளிரில் இலைதழை மெதுவாக மட்குவதால் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். பார்வைக்கு வளமான மண். ஆனால், போடுகிற மணிச்சத்தை அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் ஆழமான செம்மண். கீழே மழை குறைவு. கரைந்து வந்த சத்துகள் தங்கி, வெடிப்பு விடும் கரிசலாகிறது. தண்ணீரைப் பிடித்து வைப்பதால் நெல்லுக்கு ஏற்றது.

நம் நீலகிரி எரிமலை அல்ல. ஆனாலும், மழை செய்யும் வேலை அங்கும் இதேதான். நிறத்தை நம்பி உரம் போட்டால் காசு மண்ணோடு போகும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனியாக மண் எடுத்துப் பரிசோதியுங்கள். அமில மண் என்றால், மணிச்சத்தைத் தூவாமல் தொழுவுரத்தில் கலந்து வேர்ப்பகுதியில் இடுங்கள். சுண்ணாம்பு தேவையா, எவ்வளவு என்பதைப் பரிசோதனை முடிவும் பயிரும் சொல்லட்டும்.