பேனும் செள்ளும்: புறக்கடைக் கோழிகளைக் காக்கும் வழி

தறியில் அமர்ந்திருப்பவர்க்கும் ஏரைப் பிடித்திருப்பவர்க்கும் புறக்கடையில் மேயும் நான்கைந்து கோழிகள் பெருஞ்செல்வமாகத் தோன்றுவதில்லை. ஆயினும், கூலி வருவதற்கும் அறுவடைப் பணம் கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட நாட்களில், உப்பு, எண்ணெய், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் முதலிய சில்லறைச் செலவுகளைத் தாங்குவது பல வீடுகளில் முட்டைக் காசேயாகும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்மணிகளின் கையில் புழங்கும் பணம். கீரியோ நாயோ கோழியைக் கவ்விச் சென்றால் அந்த நஷ்டம் உடனே கண்ணுக்குப் படுகிறது. பேனும் செள்ளும் விளைவிக்கும் நஷ்டமோ ஓசையின்றி நேர்வது. முட்டை குறைகிறது, அடைக்கோழி பாதியில் எழுந்து போய்விடுகிறது, குஞ்சுகள் வெளிறிச் சோர்ந்து மடிகின்றன. கண்ணேறு பட்டது என்றோ, காலம் சரியில்லை என்றோ கூறி நாம் அமைந்துவிடுகிறோம்.

மருந்திடுவோரும் இல்லாமலில்லை. ஆனால் கோழியைப் பிடித்து ஒரு முறை மருந்து தடவிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். பத்து நாளில் தொல்லை மீண்டும் தலையெடுக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்பதன்று இதற்குக் காரணம். பகைவன் குடியிருக்கும் இடம் ஒன்றாகவும், நாம் மருந்திட்ட இடம் வேறொன்றாகவும் இருப்பதே காரணம். ஆகவே, எது எங்கே வாழ்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பகைவர் நால்வர்

கோழியின் மேல் ஊரும் சிற்றுயிர்களையெல்லாம் ‘செள்’ என்று ஒரே பெயரால் வழங்குவது பல ஊர்களில் உள்ள வழக்கம். உண்மையில் அவற்றில் நான்கு வகை முக்கியமானவை.

முதலாவது பேன். இது ஆறு கால்களும் வைக்கோல் நிறமும் உடையது. இறகையும் தோலின் செதிலையும் கடித்துத் தின்பது. சில இனங்கள் இளம் இறகின் தண்டைக் கடித்து இரத்தத்தையும் பருகும். முட்டையிடுவது முதல் மடிவது வரை அதன் வாழ்வு முழுதும் கோழியின் உடலிலேயே நடைபெறுகிறது. கோழியை விட்டு நீங்கினால் ஒரு வாரத்திற்குமேல் அது பெரும்பாலும் பிழைத்திராது. கோழிப்பேன் மனிதர் தலையில் குடியேறுவதில்லை. அந்த அச்சம் வேண்டியதில்லை.

இரண்டாவது சிவப்புச் செள். இதற்கு எட்டுக் கால்கள் உண்டு. பகலெல்லாம் கூண்டின் மூங்கில் இடுக்கிலும், சுவர் வெடிப்பிலும், அடைக்கூடையின் பின்னலிலும் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் குடித்துவிட்டு மீண்டும் ஒளிந்துகொள்ளும். கோழியைப் பகலில் பிடித்துப் பார்ப்பவருக்கு இது அகப்படாது. வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஒரு தலைமுறை முற்றிவிடும். இரையின்றியே பல மாதம் உயிர் தரித்திருக்கும் வல்லமையும் இதற்கு உண்டு. கோழிக்கூடு வீட்டை ஒட்டி இருந்தால் மனிதரையும் கடிக்கும். செள்ளினத்தில் கோழியின் உடலிலேயே தங்குவனவும் உண்டு. அவை ஆசனவாயைச் சுற்றி மொய்த்து இறகைக் கறுக்கச் செய்யும்.

மூன்றாவது கால் செதில் செள். கண்ணுக்குத் தெரியாத இது, காலின் செதில்களுக்கு அடியில் துளைத்து வாழ்கிறது. செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் கால் தடிக்கும். கவனியாமல் விட்டால் கோழி நொண்டியாகும்.

நான்காவது கோழி உண்ணி. இதுவும் இடுக்கில் ஒளிந்து இரவில் வருவதே. இதன் குஞ்சுகள் மட்டும் சில நாட்கள் இறக்கையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவகைச் சுருள் கிருமியால் உண்டாகும் காய்ச்சலை இது கோழிகளுக்குப் பரப்புகிறது. கோழி பச்சையாகக் கழிந்து, தளர்ந்து, திடீரென்று இறக்கும். இதனை வெள்ளைக்கழிச்சல் என்று தவறாகக் கருதுவோர் உண்டு. தடுப்பூசி போட்ட பின்னும் கோழிகள் இவ்வாறு மடிந்தால், கூண்டின் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் போன்ற மருந்துகள் உண்டு. எனவே கால்நடை மருத்துவரிடம் காலதாமதமின்றிக் காட்டுவது நலம்.

கண்டறியும் முறை

மாதம் இருமுறை பகலில் கோழியைப் பிடித்து, ஆசனவாயைச் சுற்றியும், இறக்கையின் அடியிலும், மார்பிலும் இறகை விலக்கிப் பாருங்கள். பேன்கள் வெளிச்சம் பட்டதும் விரைந்தோடும். இறகின் அடித்தண்டில் வெண்ணிறக் கொத்தாக ஒட்டியிருப்பவை ஈர்கள்.

சிவப்புச் செள்ளைக் காண இரவு நேரமே ஏற்றது. கோழிகள் அடைந்து சில மணி நேரம் கழிந்தபின், விளக்குடன் சென்று, அவை அமரும் கழியின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணித்துண்டால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கறை படியுமானால் செள் குடியேறிவிட்டது என்பதில் ஐயமில்லை. தறியில் மிஞ்சிய ஒரு சாண் துணி இதற்குப் போதும்.

அடைக்கோழியின் நிலை தனியே எண்ணத் தக்கது. அது 21 நாட்கள் ஓரிடத்தை விட்டு அகலாமல் அமர்ந்திருக்கிறது. செள்ளுக்கோ பத்து நாட்களுக்குள் ஒரு தலைமுறை. அடை வைக்கும்போது கூடையில் சில செள் இருந்தால், குஞ்சு பொரிப்பதற்குள் இரண்டு தலைமுறைகள் பெருகிவிடும். கோழி முட்டையை விட்டு எழுந்து போவதும், பிறந்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாளில் வெளிறி மடிவதும் இதனால் நேரலாம். இடிக்கு அஞ்சி அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் வைப்பது நம் வழக்கம். அத்துடன், பழைய உமியையும் வைக்கோலையும் எரித்துவிட்டு, கூடையைக் கொதிநீரில் நனைத்துக் கடும் வெயிலில் காயவைத்து, புது மணலோ உமியோ இட்டு அடை வைக்கும் வழக்கத்தையும் மேற்கொள்வோமாக.

கோழிக்குச் செய்ய வேண்டுவன

கோழி தானே செய்துகொள்ளும் சிகிச்சை புழுதிக் குளியல். மழைபடாத ஓரிடத்தில் ஆழமற்ற குழி வெட்டி, உலர்ந்த மணலும், சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பிவையுங்கள். அதில் சிறிது கந்தகத் தூள் கலப்பது இன்னும் சிறந்தது. கலிபோர்னியாவில் நடத்தப்பெற்று 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கந்தகம் கலந்த புழுதிப் பெட்டிகள் பேனையும் செள்ளையும் வெகுவாகக் குறைத்தன. அதே கூண்டிலிருந்து பெட்டியில் இறங்காத கோழிகளிலும் அவை குறைந்தன. கூர்மை கெடாத அலகும் ஒரு மருந்தே. அலகு நறுக்கப்பட்ட கோழி இறகைக் கோதிப் பேனை நீக்க இயலாமல் துன்புறுகிறது.

பேன் மிகுந்துவிட்டால் மருந்து வேண்டும். கோழிகளுக்கென்று அனுமதிக்கப்பட்ட பெர்மெத்ரின் முதலிய தூள்களையோ நீர்மங்களையோ கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் கூறும் அளவில் உபயோகிக்க வேண்டும். நீர்மத்தில் நனைப்பதானால் வெயிலுள்ள முற்பகலில் செய்க. கண்ணிலும் அலகிலும் மருந்து படலாகாது. சிறு குஞ்சுகளையும் நோயுற்றவற்றையும் நனைத்தல் கூடாது.

பெரும்பாலான மருந்துகள் பேனைக் கொல்லுமேயன்றி ஈரைக் கொல்வதில்லை. ஈர்கள் நான்கு முதல் ஏழு நாட்களில் பொரிக்கின்றன. ஆதலால் பத்தாம் நாள் மீண்டும் ஒரு முறையும், தேவையானால் இருபதாம் நாள் மூன்றாம் முறையும் மருந்திடுவது இன்றியமையாதது. இந்த இரண்டாம் முறையை விட்டவர் முதல் முறைச் செலவையும் இழந்தவரே ஆவார்.

கால் செதில் நோய்க்கு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, துடைத்து, தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ செதிலின் இடுக்கில் புகுமாறு தடவ வேண்டும். சில நாட்களுக்கு ஒரு முறையாக, புதுச் செதில் தோன்றும்வரை தொடர்ந்து செய்க. செதிலைப் பிய்த்தல் ஆகாது. மண்ணெண்ணெயும் பழைய எந்திர எண்ணெயும் தோலைப் புண்ணாக்கும், அவற்றை விலக்குக.

கூண்டிற்குச் செய்ய வேண்டுவன

சிவப்புச் செள்ளும் உண்ணியும் கூண்டில் வாழ்பவை. கூண்டைக் கவனியாத சிகிச்சை ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதையே ஒக்கும். கூண்டிலுள்ள குப்பை முழுவதையும் வாரி எரித்துவிடுங்கள். அமரும் கழிகளைக் கழற்றி, எல்லா இடுக்குகளிலும் கொதிநீரை ஊற்றுங்கள். செங்கல், இரும்பு ஆகியவற்றால் ஆன கூண்டுகளில் தீச்சுடர் விளக்கை விரைந்து ஓட்டலாம். கூரை வேய்ந்த இடத்திலும், நூலும் பாவும் இருக்கும் இடத்தருகிலும் தீயை அண்டவிடலாகாது. உலர்ந்தபின் வெடிப்புகளை மண்ணோ சிமெண்டோ கொண்டு அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். கழிகளின் முனைகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். பத்து நாட்கள் சென்றதும் இவ்வேலையையும் ஒரு முறை திரும்பச் செய்தல் வேண்டும்.

வேப்பெண்ணெயின் பயன் பிற நாட்டாராலும் சோதிக்கப்பட்டது. சுவீடன் நாட்டில் செய்யப்பட்டு 2005-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், வேப்பெண்ணெய் தோய்த்த அட்டைப் பொறிகளைக் கோழிக்கூட்டில் வைத்தபோது சிவப்புச் செள்ளின் தொகை பெரிதும் குறைந்தது. பெட்டிகளில் வரும் அலைமடிப்பு அட்டையைச் சிறு துண்டுகளாக்கி எண்ணெயில் தோய்த்துக் கழிகளின் அருகே கட்டி வைத்து, வாரம் ஒரு முறை எரித்துவிட்டுப் புதிது வைப்பது எவருக்கும் எளிதில் கைகூடும்.

மருந்தே நஞ்சாகாமல்

இந்த விஷயத்தில் அங்கத்தினர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். பருத்திக்கும் நெல்லுக்கும் வாங்கிய பூச்சிமருந்தில் மீந்ததைக் கோழிமேல் தெளிப்பது சில இடங்களில் காணப்படும் கொடிய வழக்கம். கோழி அன்றே இறக்கலாம். இறவாமல் பிழைத்தால் அதனினும் தீங்கு. ஏனெனில் நஞ்சு முட்டையில் இறங்கி, அம்முட்டை நம் குழந்தைக்கே உணவாகிறது.

ஒரு காலத்தில் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் கோழிப்பேனுக்கும் தூவப்பட்டன. அவை கொழுப்பில் தங்கி முட்டையின் மஞ்சட்கருவில் சேர்பவை. டி.டி.டி. நம் நாட்டில் 1989-ல் வேளாண்மையிலிருந்து விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது. மூலிகை என்று பெயர் சூட்டியதனால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சிவப்புச் செள்ளுக்கென யூகலிப்டஸ், மெந்தால் கலந்த சரக்கு என்று விற்கப்பட்ட ஒன்றில் பிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்தது. உணவுப் பிராணிகளுக்கு அது அங்கே அனுமதிக்கப்படாதது. பல நாடுகளில் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள முட்டைகள் அழிக்கப்பட்டன. பண்ணையாளர் பலர் பெரு நஷ்டம் அடைந்தனர்.

நம் நாட்டு முறைகளிலும் ஆய்ந்து கொள்ள வேண்டியவை உண்டு. புகையிலைக் கஷாயம் பேனைக் கொல்லும், கோழியையும் கொல்லக்கூடும். சீத்தாப்பழ விதைத் தூள் பேனுக்கு நஞ்சு. கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளைக்கும். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் முட்டையில் எச்சமாகத் தங்குவதால், மருத்துவர் கூறாமல் கொடுத்தல் தகாது. எந்த மருந்தை வாங்கினாலும், இது முட்டையிடும் கோழிக்கு ஏற்றதா, எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் விலக்க வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டபின்னரே காசைக் கொடுங்கள்.

ஒருவர் செய்தால் போதாது

பண்ணைக் கோழி தன் கூண்டிலேயே இருக்கும். புறக்கடைக் கோழியோ தெருவெல்லாம் மேய்ந்து, அடுத்த வீட்டுக் கோழியுடன் ஒரே புழுதியில் புரள்வது. நம் வீட்டில் மட்டும் மருந்திட்டு அயல் வீட்டில் இடாவிட்டால், ஒரு மாதத்தில் பேன் திரும்பி வரும். இங்கேதான் கூட்டுறவின் பயன் விளங்குகிறது. சங்கக் கூட்டத்தில் பேசி, தறிக்கு ஓய்வு விடும் நாள் ஒன்றைத் தெருவிற்குப் பொதுவாகக் குறித்துக்கொள்ளலாம். அன்று எல்லா வீட்டுக் கூண்டுகளையும் ஒருங்கே சுத்தம் செய்து, பத்தாம் நாளை இரண்டாம் முறைக்கென அப்போதே குறித்துவைக்கலாம். ஒரு தெளிப்பான், ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, சிறிது கந்தகத் தூள் ஆகியவற்றைப் பங்கிட்டு வாங்கினால் தலைக்கு ஆகும் செலவு அற்பமே. கால்நடை மருத்துவரும் ஒரு கோழிக்காக வருவது அரிது. ஒரு தெருவுக்காக அழைத்தால் வருவது எளிது.

சந்தையிலிருந்து வாங்கி வரும் கோழியை இரண்டு வாரமேனும் தனியே கட்டிவைத்துச் சோதித்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரு முழுதும் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை நீங்கும்.

இம்மாதமே ஓர் இரவு, வெள்ளைத் துணித்துண்டும் விளக்கும் கொண்டு உங்கள் கூண்டைச் சோதித்துப் பாருங்கள். கறை கண்டால் அயல் வீட்டாரையும் அழைத்துக் காட்டுங்கள். அடுத்த அடை வைப்பதற்குள் இடம் தூய்மையாகிவிட்டால், பொரிக்கும் குஞ்சுகள் பிழைத்து வளரும். முட்டைக் காசும் குறைவின்றி வீடு வந்து சேரும்.