பத்து லட்சத்துக்கு இருபது கேள்விகள்

திருவிழாப் பந்தலில் நூறடி ஒயர் எங்கோ அறுந்துவிட்டது. கைதேர்ந்த எலக்ட்ரீசியன் ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போகமாட்டார். நேரே நடுவில் டெஸ்டரை வைப்பார். மின்சாரம் வந்தால் அறுப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். மிஞ்சிய பாதியில் மறுபடியும் நடுப்புள்ளி. இதே உத்தியை மென்பொருளுக்குள் ஓட்டிக் காட்டுகிறது 'கிட்' என்ற திறமூலக் கருவி. அதாவது, அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலைப் பராமரிப்பதற்காகக் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் கிட்டின் பொறுப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்கு வந்தது.

கிட் ஒரு கணக்குப் பேரேடு. ஒவ்வொரு திருத்தமும் ஒரு 'கமிட்', அதாவது ஒரு பதிவு. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதோடு முந்தைய பதிவின் எண்ணும் அதில் இருக்கும். பதிவின் எண்ணை யாரும் சூட்டுவதில்லை. உள்ளடக்கத்தையே கணக்கிட்டு 40 குறிகளில் பிறப்பது அது. இதன் பெயர் 'ஹாஷ்', பதிவின் கைரேகை. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். அதற்குப் பின்வந்த எல்லாப் பதிவுகளின் எண்களும் மாறும். பழைய கணக்கை ஓசையின்றித் திருத்த வழியே இல்லை.

இப்போது ஒரு சிக்கல். லினக்ஸின் போன பதிப்பில் பேசிய ஸ்பீக்கர் புதிய பதிப்பில் ஊமையாகிவிட்டது. இரண்டுக்கும் இடையே 14,000 திருத்தங்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஒன்றாகப் படித்தாலும் கண் மூடாமல் பத்து நாள் ஆகும். கிட்டின் 'பைசெக்ட்', அதாவது பாதியாக்கித் தேடும் கட்டளை, 14 சோதனைகளில் முடித்துவிடும். பத்து லட்சம் திருத்தங்கள் என்றாலும் இருபதே போதும்.

ஆனால் ஒயரைப் போல மென்பொருள் வரலாறு ஒரே கோடாக ஓடுவதில்லை. ஆயிரம் பேர் தனித்தனியே எழுதுவதால் கிளை பிரிகிறது, மறுபடி சேர்கிறது. அதற்கு நடு எது? ஒவ்வொரு பதிவுக்கும் முன்னோராக எத்தனை சந்தேகப் பதிவுகள் உள்ளன என்று கிட் எண்ணுகிறது. மொத்தத்தில் பாதியை எது நெருங்குகிறதோ, அதுவே நடு.

சோதனையைக்கூட ஒரு சிறு நிரலிடம் விட்டுவிடலாம். அது 0 என்றால் நல்லது, 1 என்றால் கெட்டது. சில நடுப்பதிவுகள் ஓடவே ஓடாது. அப்போது 125 என்று சொன்னால் கிட் பக்கத்துப் பதிவுக்கு நகர்ந்துவிடும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

இவ்வளவுக்கும் தேடுகிறவருக்கு லினக்ஸின் நிரலில் ஒரு வரிகூடப் புரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நடுப்பதிவையும் நிறுவி, சத்தம் வருகிறதா இல்லையா என்று 14 முறை சொன்னால் போதும். தவறு புகுந்த பதிவு, அதை எழுதியவர் சொன்ன காரணத்தோடு திரையில் வந்து நிற்கும். அதை அனுப்பிவைத்தால், எங்கோ இருக்கும் நிபுணர் எந்தத் திருத்தத்தில் கைவைப்பது என்று தேடவேண்டியிருக்காது.