மேனாட்டு மௌனப் படங்களும் உழைப்பின் சித்திரிப்பும்

மேனாட்டு மௌனப் படங்களை இன்று பார்ப்பதனால் யாது பயன் என்னும் வினா, பெரும்பாலும் ரசனை சார்ந்த வினாவாகவே எழுப்பப்படுகின்றது. நடிப்பு மிகையானது, அசைவு இயல்பற்றது என்பர். சமூக உறவுகளின் தளத்தில் வைத்து நோக்கும்போது இவ்வினா வேறு வடிவம் பெறும். உச்சமுனை போன்றதொரு கடற்கரையில் நின்று, ஜோன் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்' (1929) என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம்.

பிரித்தானியாவின் வடகடலில் ஹெரிங் மீன் பிடிக்கும் நீராவிப் படகுகளைப் பற்றிய விவரணப்படம் இது. தனியொரு கதாநாயகன் இதில் இல்லை. உலையிற் கரி அள்ளிப் போடுபவனும் வலை இழுப்போருமே இதன் மாந்தர். ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாகத் தொழில் செய்யும் உச்சமுனை மீனவருக்கு, வலை இழுக்கும் காட்சியை எவரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தட்டைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றை வாசியாமலே படத்தைப் பின்தொடரலாம். பேச்சுப்படம் எழுப்பிய மொழிச்சுவர் இங்கு மிகத் தாழ்ந்தது.

எனினும் படத்தின் உண்மையான வலிமை அது கரைக்கு வந்த பின்னரே வெளிப்படுகின்றது. இரவு முழுவதும் பட்ட பாடு துறைமுகத்தில் ஏலத்திற்கு வருகின்றது. மீன் பீப்பாய்களில் அடைக்கப்பட்டுத் தொலைதூரச் சந்தைகளுக்குப் போகின்றது. உழைப்பு பண்டமாக மாறும் நிகழ்முறையைச் சொல்லேதுமின்றி இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் சிலவே.

படகு எவருடையது? பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகின்றது? நம் கரையோரத்தில் சம்மாட்டி என வழங்கப்படுபவர் அங்கு யார்? இவற்றைப் படம் தொடுவதில்லை. அதற்குப் பணம் தந்தது 1926 இல் அமைக்கப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை என்பதை நினைவிற் கொள்ளின் இம்மௌனம் வியப்பளிக்காது. 1929 நவம்பரில் இலண்டன் திரைப்படச் சங்கத்தில் ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' படத்துடன் சேர்த்தே இது முதலில் காட்டப்பட்டது. கிரியர்சன் படத்தொகுப்பு முறையை ஐசன்ஸ்டைனிடம் கற்றார். ஆயின் பொட்டெம்கினில் மாலுமிகள் புழுத்த இறைச்சியை மறுத்துக் கிளர்ந்தெழுகின்றனர். டிரிஃப்டர்ஸில் மீனவர் உண்கின்றனர், உறங்குகின்றனர், மீண்டும் வலை இழுக்கின்றனர். உத்தியைக் கடன் வாங்கலாம். வர்க்கச் சார்பை அவ்வாறு வாங்கவியலாது போலும்.

ஒலி வந்ததும் இக்குறை தீர்ந்ததா? கிரியர்சனின் குழுவைச் சேர்ந்த பசில் ரைட், 1934 இல் தேயிலைப் பிரசார சபைக்காக 'சோங் ஒஃப் சிலோன்' படத்தை இலங்கையில் எடுத்தார். தென்னை ஏறுபவரும் கொழுந்தெடுக்கும் பெண்களும் திரையில் வர, ஒலித்தடத்திற் கேட்பவை ஆங்கில வணிகச் செய்திகளும் விலைக் குறிப்புகளுமே. தென்னை ஏறியவர் அப்படத்திலும் பேசவில்லை.