தோட்டுத் திருகும் தொழிற்சாலைத் திருகாணியும்

பாட்டியின் தோட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்புறத் தண்டில் நூல் சுற்றியதுபோல் நுண்ணிய வரிகள் ஓடும். அதில் மாட்டும் திருகின் உட்புறத்திலும் அதே வரிகள் உண்டு. இவற்றுக்கு மரை என்று பெயர். கையால் மரை வெட்டிய பழைய தோடுகளில், வலக்காதுத் திருகு இடக்காதுத் தோட்டில் ஏறாமல் அடம்பிடிப்பதுண்டு. ஒரே ஆசாரி செய்த ஜோடியிலேயே இந்த வேற்றுமை!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-ல் இயங்கத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் கைப்பேசிகளும் உருவாகின்றன. இங்கெல்லாம் தொழிலாளி பெட்டியிலிருந்து எந்தத் திருகாணியை எடுத்தாலும், அது உரிய துளையில் தடையின்றி ஏறியாக வேண்டும். ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க நேரமேது?

கழற்றுவதற்கென்றே ஓர் ஆணி

மரவேலைத் திருகாணியின் முனை கூரியது. அது மரத்தை அறுத்துத் தன் வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பலமுறை கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். இயந்திரத் திருகாணியின் தண்டோ நெடுகிலும் ஒரே பருமன். முன்பே மரை வெட்டிய துளையிலோ நட்டிலோ ஏறும். எனவே பொருளைச் சிதைக்காமல் கழற்றலாம், மீண்டும் மாட்டலாம்.

காரின் உடல்தகடுகளைப் பற்றவைக்கிறார்கள். அவை பிரியவே கூடாதவை. விளக்கு, சுவிட்சு, மூடி போன்றவை பழுதானால் திறந்தாக வேண்டியவை. அங்கே திருகாணிதான் ஏற்றது.

உராய்வு என்னும் காவலன்

செங்கோண முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றுங்கள். சாய்ந்த விளிம்பு மரைபோல் தோன்றும். ஆம், மரை என்பது சுருட்டிய சாய்தளமே!

‘எம்6’ திருகாணியின் விட்டம் 6 மி.மீ. சாதாரண வகையில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. உள்ளே செல்லும். 3 செ.மீ. விட்டமுள்ள திருப்புளிப் பிடியின் விளிம்பு அதே சுற்றில் சுமார் 94 மி.மீ. நகர்கிறது. உராய்வே இல்லையெனில் நம் கைவிசை 94 மடங்காகப் பெருகும். உண்மையில் நம் உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு விழுங்கிவிடுகிறது. இது நட்டமா? இல்லை. அந்த உராய்வுதான் திருகாணி தானாகப் பின்னோக்கிச் சுழலாமல் காக்கிறது.

இறுக்கும்போது திருகாணி கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. இழுத்த ரப்பரைப்போல் அது சுருங்க முயல்வதால் இரு பாகங்களும் நெருக்கிப் பிடிக்கப்படுகின்றன. அளவு மீறி இறுக்கினால் மரை அழியும், அல்லது ஆணி முறியும். குறைவாக இறுக்கினால் வண்டியின் அதிர்வில் பாகங்கள் பக்கவாட்டில் நழுவும், உராய்வு தோற்கும், ஆணி சிறிது சிறிதாகக் கழலும். பிரேக்கில் இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தல்லவா? அதனால்தான் குறித்த முறுக்குவிசையை எட்டியதும் நின்றுவிடும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். அதிர்வு மிக்க இடங்களில் மரைக்குப் பசையோ நைலான் பூச்சோ இடுவதும் உண்டு.

எங்கும் ஒரே அளவு

முன்பு பட்டறைக்குப் பட்டறை மரை மாறியது. 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுள்ள பொது மரையை முன்மொழிந்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. சென்னை பாடியில் 1966-ல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போன்ற ஆலைகள் ஆணிகளைச் செய்கின்றன. துளையிடுவதோ வேறோர் ஆலை. இரண்டும் பொருந்துவது பொது அளவின் பயனே.

நீங்கள் சைக்கிளையோ மின்விசிறியையோ பழுதுபார்க்கும்போது, திருகாணியை முதலில் விரலாலேயே சில சுற்றுகள் ஏற்றுங்கள். எளிதில் ஏறினால் மட்டும் திருப்புளியை எடுங்கள். ஏறாவிட்டால் வலிந்து திருகாதீர்கள். அளவு வேறாக இருக்கலாம், கோணலாகவும் நுழைந்திருக்கலாம். மரை ஒருமுறை அழிந்தால், கழற்றி மாட்டும் வசதியும் அதோடு போய்விடும்.